நான் ஆடை போர்த்திய பதினொரு பெண்கள்

என் மகளின் பச்சை ஸ்கெட்ச் பேனா முனை மழுங்கியிருந்தது. அழுத்தித் தீட்டினால்தான் மை இறங்கும். நான்கு வருடங்களுக்கு முன், ஒரு கோடை மதியத்தில், ஓடைப்பட்டி வீட்டின் உள்ளறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, என் நாத்தனார் வரைந்திருந்த பதினொரு பெண்களுக்கும் அந்தப் பேனாவால் ஒவ்வொருத்தியாக ஆடை போர்த்தினேன். நல்லது செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன். அப்படி நினைத்தேனா, நினைப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேனா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

என் கணவரின் ஒரே தங்கை அவள். பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருந்தாள். மதியச் சமையல் முடிந்து, ஆண்கள் திராட்சைத் தோட்டத்துக்குத் திரும்பியதும் டி.வி. முன் உட்கார்ந்துவிடுவாள். என் மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்ததெல்லாம் ஜப்பான்காரர்களின் சண்டைக் கார்ட்டூன்கள். கேபிளில் வருவது போதாமல் தேனியிலிருந்து சிடியும் வாங்கி வருவாள். குழந்தைகளுக்கான பொம்மைப் படம் என்றுதான் மாமியார் நினைத்திருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன், எனக்கு உடம்பு கூசும். வாளோடு ஒரு பெண் வானத்திலிருந்து குதிப்பாள். படம் அவள் காலில் தொடங்கி மெதுவாக மேலே ஏறும். தொடையில் நிற்கும், மார்பில் நிற்கும், முகத்துக்குக் கடைசியாகத்தான் வரும். காற்று அவள் பாவாடைக்காக மட்டும் வீசும். வெட்டுப்பட்டால் கதாநாயகனுக்கு நெற்றியில் ரத்தம் வரும், அவளுக்கோ சட்டை கிழியும். பத்துப் பேரைச் சாய்த்தவள் பதினோராவது ஆளிடம் அகப்பட்டுக் கட்டுண்டு கிடப்பாள், கதாநாயகன் வந்து மீட்பான்.

இதையெல்லாம் என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தவள் அவள்தான். "ஏன் மதினி, அவனுக்குக் கழுத்து வரைக்கும் இரும்புச் சட்ட. இவளுக்கு மட்டும் இரும்பு பத்தலையாக்கும்?" என்பாள். "சண்டைக்குப் போறவ நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டா போவா? குத்துப்படாது?" சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நிறுத்த மட்டும் மாட்டாள். "நல்லா வரையுறாய்ங்க மதினி. பொம்பளயத்தான் வரையத் தெரியல."

அந்த வருடம் மதுரையில் அனிமேஷன் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்கு வரும்போது சொந்தமாக வரைந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பல நாள் சண்டைக்குப் பிறகு அவள் அண்ணன், அதாவது என் கணவர், கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். மறுநாள் காலை முதல் பஸ். முந்தைய மதியம் அவள் போட்டோ எடுக்கச் சின்னமனூர் போயிருந்தபோது, பையில் துணி அடுக்கிவைத்த நான் அந்த நோட்டைத் திறந்துவிட்டேன்.

பதினொரு பக்கங்கள், பதினொரு சண்டைக்காரிகள். ஒருத்தி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி நிற்கிறாள், உடுப்பு அக்குளில் கிழிந்திருக்கிறது. ஒருத்திக்குத் தொடை தெரிய உடை ஏறியிருக்கிறது. ஒருத்தியின் முதுகு வெறுமையாக இருக்கிறது. டி.வி.யில் பார்த்து எது கூசியதோ அதுவே நோட்டிலும் இருப்பதாகப் பட்டது. பஸ்ஸில் அண்ணன் புரட்டிப் பார்த்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். அதைவிட, 'நீ வீட்டுலதான இருந்த, இதைப் பாக்கலியா?' என்று என்னைக் கேட்பார்கள். உண்மையில் என்னைப் பேனா எடுக்கவைத்தது இந்த இரண்டாவது பயம்தான். கைகளுக்கு முழுச்சட்டை, தொடைக்குப் பேண்ட், மார்புக்குக் குறுக்கே துப்பட்டா. கோடு பிசகாமல், பள்ளிக்கூடத்தில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிய அதே கவனத்தோடு தீட்டினேன்.

சாயங்காலம் வந்தவள் நோட்டைத் திறந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மாமியார்தான் எட்டிப் பார்த்து, "ஆத்தாடி, யாருத்தா இப்பிடிக் கிறுக்குனது?" என்றார்.

"பாப்பாவாத்தான் இருக்கும்," என்றேன். சொன்னதோடு விடவில்லை; அதை மெய்யாக்க, விரல்களிலெல்லாம் பச்சை மையோடு விளையாடிக்கொண்டிருந்த என் மகளின் கையில் ஒரு அடி வைத்தேன். அவள் அழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் அவளைத் தூக்கிக்கொண்டு, "சின்னப்புள்ளைய எதுக்கு மதினி அடிக்கிறீக?" என்றபடி வெளியே போய்விட்டாள்.

மறுநாள் அவள் மதுரைக்குப் போனாள். அந்தப் பதினொன்றையும் கிழித்தெடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு கோயில் கோபுரத்தையும் இரண்டு மாடுகளையும் கொண்டுபோனாள். இடம் கிடைக்கவில்லை. "கோபுரம் நல்லாருக்குன்னாக," என்று மட்டும் சொன்னாள்.

அதே வாரம் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனேன். திராட்சைப் பந்தலின்கீழ் வெட்டுக்காரப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கைகள் தலைக்குமேல், கத்தரி குலையில். தூக்கித் தூக்கியே ரவிக்கைகளின் அக்குள் கிழிந்திருந்தது. கூடை சுமப்பவர்கள் சேலையை முழங்காலுக்குமேல் ஏற்றிச் செருகியிருந்தார்கள். வேர்வையில் முதுகு மின்னியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்க்கும் காட்சி அது. ஒருநாளும் கூசியதில்லை. நோட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். அந்தக் கார்ட்டூன்காரர்களுக்கு வரையத் தெரியாததை அவள் இங்கிருந்து எடுத்து வரைந்திருந்தாள். தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். "என்னத்தா, வெயிலு தாங்கலையா?" என்று ஒருத்தி பந்தலுக்குள்ளிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது அவள் சின்னமனூரில் ஒரு பிளெக்ஸ் கடையில், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் வடிவமைக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தபோது, பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். அவளைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் மதினி," என்றாள். "மூணு வயசுப் புள்ள எங்கனயாச்சும் கோட்டத் தாண்டாம தீட்டுமா? நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன். நாலு வருசமாச்சு."

அவள் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்: "ஒன்னு மட்டும் சொல்லுங்க. மையடிக்கையில அந்தப் பொம்பளைக மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? அத வரையுறதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாளாச்சு."

யோசித்துப் பார்த்தேன். எந்தத் தொடை, எந்தத் தோள், எந்த இடத்தில் மை ஊறி அடுத்த பக்கத்தில் இறங்கியது என்பதெல்லாம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. பதினொரு பேரில் ஒருத்தியின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.