திரளாத ரத்தம்

எங்கள் ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் மேல்தட்டு ஓரமாக ஒரு சின்னக் குப்பி இருக்கும். அதன்மேல் பெயர் கிடையாது, தேதி மட்டும்தான். உள்ளே இருப்பது என் பக்கத்து மேசைக்காரியின் ரத்தம். மாதம் பிறந்தால் அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவாள், நான் எடுப்பேன். 'வீட்டுச் சரக்கு' என்று அவளைக் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். வேறென்ன செய்வாள்?

சிவப்பணுவின் மேலுறையில் பலவகைப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும், அவளுக்கு இல்லை. உடம்புக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். எங்கோ கடலோர மக்களிடம் ஐம்பதில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம். எங்கள் பக்கம் லட்சத்தில் ஒருவர் தேறுவதே கஷ்டம். அந்தப் புரதம் இல்லாத நோயாளிக்கு, அது தெரியாமல் நாங்கள் மற்றவர் ரத்தத்தை ஏற்றிவிட்டால், பிறகு எவருடைய ரத்தத்தைச் சேர்த்தாலும் கட்டி தட்டிவிடும். அவளுடையது மட்டும் தட்டாது. அப்படிப்பட்டவர்களை அந்தக் குப்பியை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியவந்தபோது எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அது நடந்து பதினொரு வருஷம். இடையில் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தாள். புருஷனுக்கு வேலை வேறு ஊரில், ரயிலில் ஒரு முழுப்பகல் தூரம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார் அங்கேதான் இருந்தார் என்பதால் பிள்ளையும் அங்கேயே வளர்ந்தது. மகளின் முதல் மழலையை இவள் ஃபோனில்தான் கேட்டாள். இடமாற்றம் கேட்டு ஆறு மனு கொடுத்தாள்.

"உன்னை அனுப்பிட்டு நான் எதை வெச்சும்மா டெஸ்ட் பண்றது?" என்பார் பெரிய டாக்டர். "உன்ன மாதிரி இன்னொருத்தரக் கொண்டாந்து நிறுத்து. அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

"மாசாமாசம் அங்கேருந்து அனுப்பிடறேன் சார்."

"அவசரத்துக்கு ஒரு பை முழுக்க வேணும்னா? ரயில் வர்ற வரைக்கும் உயிர் நிக்குமா?"

மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம்.

அவள் தேட ஆரம்பித்தாள். ரத்தம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு துளி ஒதுக்கி வைத்துக்கொள்வாள். அந்தப் புரதத்தைக் கண்டால் திரளவைக்கும் சீரம் கொஞ்சம் எங்களிடம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதைச் சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பாள். நாலு வருஷம் பார்த்தாள். எல்லாம் திரண்டன.

பாக்கி இருந்தது தங்கை. கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு வாய்ப்பு உண்டு. ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிறவள் என்பதால் அதுவரை தப்பித்திருந்தாள். இரண்டு வருஷமாக வேலை தேடிச் சலித்து, வெளிநாட்டில் ஒரு கடைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். டாக்டர் காதுக்கு எட்டியது.

"பதிவேடு எழுதற இடம் காலியாத்தான் இருக்கு. அவளுக்கும் அப்படியிருந்தா அவளையே போட்டுடறேன். நீ ஊருக்குப் போ."

தங்கை மறுநாளே வந்துவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"நிரந்தர வேலையாக்கா? ஆயுசுக்கும் இங்கயே இருக்கலாமா?"

அக்காள் ரத்தத்தை எடுத்து அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்தாள். எங்களிடம் எந்தச் சோதனையையும் இருவர் பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும். கண்ணாடித் தகட்டில் துளியும் சீரமும் கலந்து அவள் மெல்ல ஆட்டினாள், நானும் குனிந்து பார்த்தேன். ஐந்து நிமிஷமாயிற்று. துளி வழவழவென்று அப்படியே கிடந்தது.

என் வயிற்றில் பால் வார்த்தது.

"கெளம்புடி, பெட்டியக் கட்டு!"

அவள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் அன்னைக்கு இப்படித்தான் ஆசையாக் கைய நீட்டினேன்."

பேனாவை எடுத்து 'திரண்டது' என்று எழுதினாள். ஒரு எழுத்துப் பொய் எழுதியறியாத கை அது. பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள்.

"பைத்தியமா உனக்கு? உன் பொண்ணு?"

"அவளுக்கு அம்மா இல்லாமப் பழகிடுச்சு. இவளுக்கு இன்னும் எதுவும் பழகல. போடு."

போட்டேன். சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் நெஞ்சை அரிக்கிறது.

தங்கை அழுத அழுகை அந்தக் கட்டடத்துக்கே கேட்டது. "உனக்கு மட்டும் எல்லாம் அமையுதுக்கா. எனக்கு ரத்தத்துலகூட அதிர்ஷ்டம் இல்ல." அக்காள் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

வெளிநாட்டுக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் போகிற இடத்தில் தங்கைக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால்? புறப்படுகிற அன்று அக்காள் அவள் கைப்பையில் ஒரு அட்டையை வைத்தாள். 'எனக்கு ரத்தம் ஏற்றும் முன் கட்டாயம் என் அக்காவைக் கேட்கவும்' என்று எழுதி, கீழே தன் எண்ணைப் போட்டிருந்தாள்.

"அங்கயும் உன்னக் கேட்டுத்தானா? சரியான தொல்லைக்கா நீ" என்று சிரித்துக்கொண்டே போனாள் தங்கை.

மூன்று வருஷமாகிறது. அக்காள் ஃபோனை அணைப்பதே இல்லை, குளிக்கப் போனாலும் கூடவே போகிறது. இன்றைக்கும் ஒன்றாம் தேதியானால் வந்து உட்கார்ந்து இடது கையை என்னிடம் நீட்டுகிறாள். ஊசி உள்ளே இருக்கும்போதும் வலது கை ஃபோனைப் பிடித்திருக்கிறது.