பொட்டு வைத்த பெட்டி

அன்று அருங்காட்சியகத்தின் பின்வாசலில் நின்றவர்கள் இவர்கள். சிறப்பு விருந்தினர் என்று சொல்லி மாலை போட்டிருந்த ஒரு பெரியவர். அவர் அரசாங்கத்தில் என்னவாக இருந்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு ஓவியம் போகிற வெளிநாட்டின் தூதரகத்து ஆள், கோட்டும் டையும், முகமெல்லாம் வியர்வை. அருங்காட்சியகத்தின் ஆபீசர் அம்மா. படத்தைக் கூடவே இருந்து கொண்டுபோவதற்கு அந்த நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா. ஒரு பூசாரி. போட்டோ எடுக்கிறவர். மாட்டுங்கா ஷிப்பிங் ஏஜெண்ட். லாரி டிரைவர். என் மச்சினன். நான்.

நடுவில் பெட்டி. பெட்டிக்குள் படம். பெட்டி நான் செய்தது. அது இரண்டாவது பெட்டி. முதல் பெட்டியைச் சொன்னால்தான் இது விளங்கும்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே என் கடை. மரப்பெட்டி செய்கிறோம். தோல் பை, பெல்ட் வெளிநாடு போகிறதே, அதற்கான பெட்டிகள். நானும் மச்சினனும்தான். அவன் கல்யாணிலிருந்து தினமும் ரயிலில் வருவான். தோல் வேலை குறைந்துவிட்டது. அவனை வைத்துக்கொள்ள முடியாது என்ற நிலைமை. உல்லாஸ்நகரில் ஒரு பர்னிச்சர் கடையில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

அப்போதுதான் ஏஜெண்ட் வந்தார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்காரர். திருநெல்வேலிக்காரன் யாரைப் பார்த்தாலும் அவருக்கு அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஒரு படத்துக்குப் பெட்டி வேணும். சாதாரணப் படம் இல்ல. ஸ்கூல் புஸ்தகத்துல எல்லாம் வருமே, அந்தப் படம்."

போனில் காட்டினார். ஒரு பெண் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். சிவப்புச் சேலை. நான் ஸ்கூலுக்குப் போனது நாலாவது வரைக்கும். எங்கள் புத்தகத்தில் அது வரவில்லை.

"எங்க போகுது சார்?"

"வெளிநாடு. ஆறு மாசம் இரவல். ரெண்டு தேசத்துக்கும் சிநேகம். நம்ம படம் அங்க போய் இருக்கும். எல்லாரும் வந்து பாப்பா. அப்புறம் அவா ஒண்ணு அனுப்புவா."

இந்தப் பெட்டி பாஸானால் அந்த அருங்காட்சியகத்தின் வேலை முழுவதும் எனக்கு என்றார். பாஸாகாவிட்டால் துர்பேயில் மெஷின் வைத்திருக்கும் கம்பெனிக்குப் போய்விடும். மச்சினன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரிக்கு மச்சினன் தன் போனில் அந்தப் படத்தைத் தேடிக் காட்டினான்.

"இத எதுக்கு இரவல் குடுக்காவ?" என்று கேட்டாள்.

"சிநேகத்துக்காம்."

"அப்ப சரி. நாம பக்கத்து வீட்டுக்குக் கொழம்பு குடுத்து விடுதோம்லா, அப்படித்தான். அவ்வொளும் கிண்ணத்த வெறுங்கிண்ணமாத் திருப்பித் தர மாட்டாவ." பிறகு போனை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "கழுத்துல தாலி கெடக்கு. நெத்தியில ஒண்ணுமில்லியே. வரஞ்சவன் மறந்துட்டானோ?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

வெளிநாட்டுப் பெட்டிக்குச் சூடு காட்டி முத்திரை குத்திய பலகைதான் போட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி இருக்கும் என்று திருப்பி விடுவார்கள். அந்தப் பலகையே வாங்கினேன். உள்ளே மூன்று அடுக்கு ஃபோம். மூடி சேரும் இடத்தில் ரப்பர் பட்டை. ஆணி கிடையாது, எல்லாம் ஸ்க்ரூ. பெட்டி நன்றாக வந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெட்டி வெளியே போகும்போது வீட்டுக்காரி வந்து நாலு மூலையிலும் நடுவிலும் மஞ்சள் குழைத்துக் குங்குமம் வைப்பாள். தோல்காரர்கள் யாரும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. அன்றும் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பது கண்ணில் படுமா, அப்படி. ஆனால் அவள் எனக்குத் தெரியாமல் மூடியைத் தூக்கி உள்பக்கமும் ஒன்று வைத்திருக்கிறாள். படத்தின் நெற்றி எங்கே வரும் என்று மச்சினனிடம் கேட்டு, அந்த இடத்தில்.

அருங்காட்சியகத்தில் கீழ்த்தளத்து அறைக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். வெள்ளைக்கார அம்மா கையுறை போட்டு, சின்ன டார்ச் அடித்து, மூடியைத் திறந்தார். விரலால் தொட்டார். கையுறை சிவப்பானது. அதை எல்லோருக்கும் காட்டினார்.

ஏஜெண்ட் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, இது என்ன?"

"குங்குமம் சார்."

"அது எனக்கும் தெரியறது. இங்க எதுக்கு இருக்கு?"

"வீட்ல வச்சாவ."

"வீட்ல வச்சாளா. இவாகிட்ட நான் அதை எப்படிச் சொல்றது?"

ஏஜெண்ட் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அந்த அம்மாவும் சொன்னார். நடுநடுவே 'சாரி, சாரி' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பொடி பறக்குமாம். படத்தில் உட்காருமாம். மஞ்சள் என்பது செடியிலிருந்து வருவதாம், வெளிநாடு போக அதற்குத் தனி அனுமதிக் காகிதம் வேண்டுமாம்.

"மூடிய மாத்திருதேன் சார். நாளைக்கே."

கேட்டுச் சொன்னார். முடியாதாம். இந்தப் பெட்டி குறை உள்ளது என்று போட்டோ எடுத்து எழுதியாகிவிட்டதாம். மூடி மாறினாலும் பெட்டி அதே பெட்டிதானாம்.

வெளியே இருந்தவற்றையாவது துடைக்கலாம் என்று ஈரத்துணி எடுத்தேன். தொடாதே என்றார்கள். என் பெட்டியை நானே தொடக்கூடாது.

ஆபீசர் அம்மா அதுவரை போனில் பேசிக்கொண்டிருந்தார். வந்து பார்த்தார். "இது பூஜை சாமான் இல்லை, அரசாங்க விஷயம்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் ஏஜெண்ட் சொன்னார்: "வெள்ளிக்கிழமை புதுப் பெட்டி இங்க இருக்கணும். இல்லேன்னா துர்பே. அதுக்கு மேல என்னால பேச முடியாது அண்ணாச்சி." அன்று செவ்வாய்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"குங்குமத்துக்கா பெட்டிய வேண்டாம்னாவ?"

"ஆமா."

"தொடச்சா?"

"தொடச்சாலும் வேண்டாமாம்."

"என் தம்பி உல்லாஸ்நகருக்குப் போயிருவானா?"

"வெள்ளிக்கிழம தெரியும்."

"நான் வச்ச பொட்டாலயா?"

"ஏட்டி, சோத்தப் போடு."

புதன்கிழமை முத்திரைப் பலகைக்குப் போனேன். அது சான்பாடா தாண்டி ஒரு கிடங்கில்தான் கிடைக்கும். மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். டெம்போ நின்று நின்று வந்தது. பலகையை அறுத்து முடித்த பிறகு ஏஜெண்ட் போன் செய்தார். அளவு மாறிவிட்டதாம். படச் சட்டத்தின் பின்னால் புது அட்டை கொடுத்திருக்கிறார்களாம், இரண்டு சென்டிமீட்டர் கூட வேண்டும். இரண்டு பக்கப் பலகையைத் தள்ளிவைத்துவிட்டு வேறு அறுத்தோம். வியாழன் காலையில் மறுபடியும் போன். பழைய அளவுதான் சரியாம்.

தள்ளிவைத்த பலகையைத் திரும்ப எடுத்தேன்.

பிறகு கைப்பிடி உயரமாக இருக்க வேண்டும் என்று ஒரு போன். மேல்பக்கம் காட்டும் அம்புக்குறி கறுப்பில் வேண்டாம், சிவப்பில் வேண்டும் என்று ஒரு போன். சிவப்பு வரலாமா என்று கேட்க நினைத்தேன். சிவப்பிலேயே போட்டேன். நனையாதே, உடையாதே என்பதற்குக் குடையும் கிண்ணமும் வரைய வேண்டும் என்று ஒரு போன்.

மச்சினன் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே சொன்னான்: "அத்தான், ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்திருந்தா நமக்கு இவ்ளோ கட்பட், கொழப்பம் இருந்திருக்காது."

"வேலையப் பாருலே."

சோறு கொண்டுவந்த வீட்டுக்காரி கடைக்கு உள்ளே வரவில்லை. வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தொடல. பாத்துக்கிடுங்க." பெட்டியை மட்டும் எட்டிப் பார்த்தாள். "மூளியா இருக்கு" என்றாள்.

இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே டார்ச். அந்த அம்மா ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். மூடியை முகர்ந்தார். உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்ல அம்மாதான். அவருடைய வேலை அது.

படத்தை உள்ளே வைக்கும்போது எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். இரண்டு பெட்டி செய்தும் நான் அந்தப் படத்தை நேரில் பார்க்கவில்லை.

சனிக்கிழமை லாரி வர வேண்டும். வரவில்லை. சிறப்பு விருந்தினருக்கு அன்று நேரம் இல்லையாம். ஞாயிறும் இல்லையாம். திங்கள் பதினோரு மணி என்றார்கள். லாரியில் ஏற்றும்வரை பெட்டி என் பொறுப்பு என்றார் ஏஜெண்ட். ஏதாவது ஒரு கீறல் விழுந்தாலும் பழைய கதைதான், துர்பேதான். அதனால் நாங்கள் பத்து மணிக்கே போய் நின்றோம். சிறப்பு விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார்.

அவர் வந்ததும் ஆபீசர் அம்மா உள்ளே போனார். ஒரு தட்டோடு வெளியே வந்தார். வெள்ளித் தட்டு. அதில் தேங்காய், கற்பூரம், மஞ்சள், குங்குமம்.

நான் ஏஜெண்டைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

பூசாரி மந்திரம் சொல்லி நாலு மூலையிலும் நடுவிலும் வைத்தார். என் வீட்டுக்காரி வைக்கிற அதே ஐந்து இடம். சிறப்பு விருந்தினர் மூன்று வைத்தார். போட்டோக்காரர், போட்டோவில் முகம் விழவில்லை என்றார். விருந்தினர் இந்தப் பக்கம் திரும்பி நின்று இன்னும் மூன்று வைத்தார். தூதரக ஆள் ஒன்று. ஆபீசர் அம்மா இரண்டு. பிறகு சிறப்பு விருந்தினர் படிக்கல்லில் தேங்காயை உடைத்தார். தண்ணீர் தெறித்துப் பெட்டியின் ஒரு பக்கம் முழுவதும் நனைந்தது. மஞ்சள் கரைந்து அம்புக்குறிமேல் வழிந்தது.

மச்சினன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தான். "அத்தான், மூணாவது பெட்டி."

"சும்மா இருலே."

"நான் உல்லாஸ்நகர்ல சொல்லிரட்டுமா?"

"சும்மா இருன்னேம்லா."

வெள்ளைக்கார அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் ஆபீசர் அம்மா தட்டை அவர் முன்னால் நீட்டினார். போட்டோக்காரர் "மேடம், ஸ்மைல்" என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

கையுறை போட்ட விரலைக் குங்குமத்தில் தொட்டு ஒன்று வைத்தார். கை தட்டினார்கள். போட்டோக்காரர் இன்னொரு தடவை என்றார். இன்னொன்று வைத்தார்.

அதற்குப் பிறகு யார் தடுப்பது. ஏஜெண்ட் ஒன்று வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிரைவர் பெட்டிக்கு ஒன்று வைத்துவிட்டு, மிச்சத்தை லாரியின் ஸ்டியரிங்கில் தடவினார். மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு போய் ஓரத்தில் ஒன்று வைத்தான். தட்டு என்னிடம் வந்தது.

"நீங்களும் வைங்க, நீங்கதானே செஞ்சது" என்றார் ஆபீசர் அம்மா இந்தியில்.

"கை அழுக்கா இருக்கு மேடம்" என்றேன்.

எல்லோரும் டீ குடிக்க உள்ளே போன பிறகு வெள்ளைக்கார அம்மா ஏஜெண்டிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அண்ணாச்சி, மேல பிளாஸ்டிக் சுத்திடச் சொல்றா. அது போறுமாம்."

சுற்றினோம். பொட்டுக்கு மேலே மூன்று சுற்று. ஈரம் காய்வதற்குள் சுற்ற வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மூடியை மட்டும் மாற்றி, முதல் பெட்டிக்கும் இதையே சுற்றியிருக்கலாம். லாரி போய்விட்டது.

திரும்பும் வழியில் ஏஜெண்ட் சொன்னார், அடுத்த மாதம் இரண்டு கல்சிலைகளுக்குப் பெட்டி வேண்டும் என்று. மச்சினன் அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தது என்று கல்யாணிலிருந்து போன் செய்தான். அவன் அப்படியெல்லாம் போன் செய்கிறவன் இல்லை.

முதல் பெட்டி கடையில்தான் நிற்கிறது. வீட்டுக்காரி கொண்டுவரும் சோற்றுப் பாத்திரத்தை இப்போது அதன்மேல்தான் வைக்கிறாள். அன்று சாயங்காலமும் அங்கேதான் நின்றுகொண்டு கேட்டாள்.

"பெட்டி போயிட்டா?"

"போயிட்டு."

"மூளியாத்தான் போச்சா?"

"இல்ல. பொட்டு வச்சாவ."

"யாரு?"

"எல்லாரும். அந்த வெள்ளக்காரியும்."

அவள் முதல் பெட்டியின் மூலையில் காய்ந்திருந்த குங்குமத்தைப் பார்த்தாள். "நான் உள்ளயும் வெளியயுமாச் சேத்து ஆறுதான் வச்சேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அவ்வொ எத்தன வச்சாவ?"

"பத்தொம்பது."