தேர் திரும்பிய பிறகு

17.1.2018 – 1,200 வெள்ளி
20.1.2018 – 3,450 வெள்ளி
23.1.2018 – 900 வெள்ளி
27.1.2018 – 7,800 வெள்ளி
3.2.2018 – 5,000 வெள்ளி
9.2.2018 – 11,300 வெள்ளி

செலவழித்தவர் குமுதா. ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு, பக்கத்துத் தொழிற்சாலையில் மின்னணுப் பாகங்களைச் சோதிக்கும் வேலை, அப்போது வயது முப்பத்தெட்டு. அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 31. முதல் நான்கு தொகைகளும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் அவர் தொண்டு செய்துவந்த தண்ணீர்ப் பந்தலுக்குப் போயின. தேருக்கு உடைக்கத் தேங்காய், இரண்டாவது கூடாரம், ஒலிபெருக்கி, அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு. பிந்திய இரண்டும் தேர் கோயிலுக்குத் திரும்பிய பிறகு செலவானவை. முறுக்குக் கடைக்கு முன்பணம் ஒன்று. சுற்றுலா நிறுவனம் தொடங்க ஒரு பழைய வேன் மற்றொன்று. இரண்டும் ஒரே வாரத்தில்.

முதல் நான்கையும் ஊரே புகழ்ந்தது. “முருகன் குமுதாவுக்குள்ள இறங்கிட்டான்லா” என்றார்கள். உறக்கமில்லாமல் அவர் ஓடியாடியதைப் பார்த்து, தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் கணவர் புவனேஸ்வரன்கூட நெஞ்சு நிமிர்த்திக்கொண்டார். பந்தல் தலைவர் பழனியப்பனுக்கு மட்டும் கசந்தது. கேட்காமல் கூடாரம் போட்டதும், தேர் வரும் நேரத்தில் ஒலிபெருக்கியைப் பிடுங்கி அவரையே நாலு பேர் முன்னால் திட்டியதும் சும்மா விடக்கூடியவையா? பந்தல் பட்டியலிலிருந்து குமுதாவின் பெயர் நீங்கியது.

ஏப்ரலில் எல்லாம் சரிந்தது. குமுதா படுத்தார், எழுந்திருக்கவில்லை. சோறு இறங்கவில்லை. சாவது நல்லது என்று தோன்றியது. வட்டாரத்துக் கிளினிக் ஒன்றில் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எழுந்தார், எழுந்தவர் நிற்கவில்லை, மறுபடி பறந்தார், மறுபடி விழுந்தார். நான்கு ஆண்டு இப்படியே போயிற்று. சோர்ந்து கிடக்கும்போதுதான் மருத்துவரைத் தேடிப் போவார்கள். நன்றாக இருக்கும்போது யார் போவார்கள்?

2022இல்தான் டாக்டர் சித்தி ஹாஜரா என்ற மனநல மருத்துவர் இதை இருதுருவ மனநோய் என்று கண்டறிந்தார். மனம் ஒரு காலம் மேலே ஏறி, ஒரு காலம் கீழே இறங்கும் நோய். சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஏற்றம் கூடிவிடலாம் என்று விளக்கி, லித்தியம் கொடுத்தார். குமுதா மெல்ல மெல்ல மனுஷியானார்.

ஆனால் ஒன்று போய்விட்டது. அந்தத் தைப்பூசம் நோயென்றால், தான் வேண்டிக்கொண்டதும் நோய்தானே? முருகன் என்று நினைத்ததெல்லாம் மூளையில் ஏதோ ரசாயனமா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் தண்ணீர்மலைப் பக்கமே போகவில்லை. தைப்பூசத்தன்று சன்னலைச் சாத்திவிட்டு, தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்தார்.

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. ஜார்ஜ்டவுனில் ஒரு கருத்தரங்கு அறை. மனச்சோர்வையும் இருதுருவ நோயையும் பிரித்தறிந்து சிகிச்சை தர, கிளினிக் மருத்துவர்களுக்குப் பயிற்சி. நடத்துபவர் ஹாஜரா. நோயாளியாக நடுவில் உட்கார குமுதா ஒப்புக்கொண்டிருந்தார். 2018 ஜூன் மாதத்துக் குமுதாவாக, சோர்ந்து வந்தவராக, உட்கார வேண்டும். விதி ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில்; கேட்காததைச் சொல்லக்கூடாது.

முதலில் ஹைக்கல் என்ற மருத்துவர் மலாயில் பேசினார். பசி, தூக்கம், அழுகை எல்லாம் கேட்டார். நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்து, சாக வேண்டும் என்று தோன்றியதா என்றும் கேட்டார். குமுதாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. எவ்வளவு நல்ல பிள்ளை! ஆனால் மேலே பறந்த நாட்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. மனச்சோர்வு என்று முடித்துவிட்டார்.

அடுத்து யுகேந்திரன். தமிழர்கள் நிறைந்த பாகான் டாலாமில் வளர்ந்தவர். தமிழிலேயே பேசினார், தமிழ் தெரிந்த ஹாஜரா மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்.

“அக்கா, இதுக்கு நேர்மாறா, ரொம்ப உற்சாகமா, தூங்காம இருந்த காலம் ஏதாச்சும் உண்டா?”

கேட்டுவிட்டார்! குமுதா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருந்துச்சு டாக்டர். தைப்பூசத்துக்கு. பந்தல் வேலை. தூங்கவே இல்ல.”

யுகேந்திரன் சிரித்தார். “அது எங்க வீட்லயும் உண்டுக்கா. தைப்பூசம்னா எங்கம்மா கால் தரையில நிக்காது.” குறிப்பில் ஏதோ கிறுக்கிவிட்டு, “சரி, பசி எப்படி?” என்று நகர்ந்தார்.

கதவு திறந்து, உடனே மூடிக்கொண்டது. குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு விதியைக் காத்தார்.

“டாக்டர் யுகேந்திரன்,” என்றார் ஹாஜரா, “இப்ப நீங்க யார்கிட்ட பேசுறீங்க? நோயாளிகிட்டயா, உங்க அம்மாகிட்டயா?”

அறை சிரித்தது. யுகேந்திரன் காது சிவந்தது. “நேரம் இருக்கு. மெதுவா,” என்றார் ஹாஜரா.

யுகேந்திரன் பேனாவை வைத்துவிட்டு, குமுதாவை நேராகப் பார்த்தார். அப்புறம், தன் வீட்டுக்கூடத்தில் பேசுவதைப் போல மெதுவாகக் கேட்டார்.

“தேர் திரும்பினதும் எங்கம்மா பாயைப் போட்டுப் படுத்தா ஒரு பகல் பூரா எழுந்திருக்க மாட்டாங்க. நீங்க?”

“படுக்கல.”

“களைப்பு?”

“களைப்பே இல்ல டாக்டர். தூக்கம் வேண்டியே இருக்கல. முறுக்குக் கடை போட்டேன். வேன் வாங்கினேன். லைசென்ஸ் இல்ல, ஆனா வேன் வாங்கினேன்.”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நான்கு ஆண்டு யாருக்கும் தென்படாதது, ஒரு பாயைப் பற்றிய கேள்வியில் வெளிச்சத்துக்கு வந்து நின்றது. மலையடிவாரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றபோது எல்லாரும் ஒன்றுபோல்தான் தெரிந்தார்கள். தேர் போன பிறகு தெருவில் யார் மட்டும் நிற்கிறார் என்று பார்க்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே!

யுகேந்திரன் நிறுத்தவில்லை. “அதுக்கு முந்தின வருஷங்கள்ல எப்படி?”

“பால்குடம் எடுப்பேன். பதினோரு வருஷமா. அப்பல்லாம் வேலை முடிஞ்சதும் எல்லாரையும் போல தூங்கிடுவேன்...”

சொல்லிக்கொண்டே வந்த குமுதா பாதியில் நிறுத்தினார். தன் வாயால் வந்ததை அவரே இப்போதுதான் கேட்டார். விதியை மீறி, ஹாஜராவைப் பார்த்துத் திரும்பினார்.

“டாக்டர், அப்ப நான் கும்பிட்டது நோயில்லையா?”

“நோய் வர்றதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே கும்பிட்டிருக்கீங்க,” என்றார் ஹாஜரா. “நோய் எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு ஏறுச்சுன்னு எங்களால சொல்ல முடியும். வேண்டுதலை அளக்க எங்ககிட்ட ஒண்ணும் கிடையாதும்மா. அது உங்களோடது.”

அன்று கணவர் ஓட்டிய காடியில் வீடு திரும்பும்போது குமுதா அவரிடம், “நான் பந்தலுக்குப் போகணும்,” என்றார். புவனேஸ்வரன் பயந்துபோய்ப் பக்கத்தில் பார்த்தார். “நேத்து ராத்திரி தூங்கினியா?” “நல்லா தூங்கினேன். ரோட்டைப் பாருங்க.”

செப்டம்பரில் பந்தலுக்கு விண்ணப்பம் எழுதினார். ஆள் போதுமென்று பதில் வந்தது. “வேற பந்தலா இல்ல?” என்றார் கணவர். குமுதா கேட்கவில்லை. தான் யாரிடம் மரியாதை கெட்டுப் பேசினாரோ, அந்த ஆளின் கையால்தான் இடம் வேண்டும். நோயின் பெயரையே போட்டு மறுபடி எழுதினார். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனியப்பனே அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“மைக்கு குடுக்க மாட்டேன்,” என்றுதான் உட்காரும்போதே ஆரம்பித்தார்.

“வேணாம்ணே. மோர் ஊத்துற வேலை குடுத்தாப் போதும். காலையில மட்டும். ராத்திரி பத்து மணிக்கு நான் படுத்தாகணும். தண்ணி குடிக்காம விரதம் இருக்கக்கூடாது, நான் சாப்பிடுற மருந்துக்கு ஆகாது.”

“சரி. திரும்பவும் அது மாதிரி ஆச்சுன்னா?”

“வேகமா பேசுவேன். கேக்காம சாமான் ஆர்டர் பண்ணுவேன். பார்த்தீங்கன்னா உடனே இவருக்குப் போன் போடுங்க.”

“நீ எப்பவுமே வேகமாத்தானே பேசுவ. நான் எதை வச்சுக் கண்டுபிடிக்க?”

“உங்களத் திட்டினா போன் போடுங்கண்ணே,” என்றார் புவனேஸ்வரன்.

பழனியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறியது. “நோய்னு தெரியாம போச்சும்மா. பெயரை அடிச்சது நான்தான். செயற்குழுவுல சொல்லிப் பார்க்கிறேன்,” என்று எழுந்தார். கொடுத்த காப்பியைத் தொடவே இல்லை.

மூன்று வாரம் கழித்துச் செயற்குழுவின் பதில் தபாலில் வந்தது. தைப்பூசத்தன்று காலை ஏழு முதல் பதினொன்று வரை, மோர் வழங்கும் பணி, குமுதா த/பெ பக்கிரிசாமி. அதன் பிறகு பந்தலிலிருந்து அவருக்கு வேறு கடிதம் வரவில்லை; இடம் கிடைத்துவிட்டதால் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 2025 ஜனவரி 8, புதன்கிழமை.