அம்மா கேட்ட ‘சம்போங்’

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில், முதுகலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

மலேசியாவில், மம்பாவ் பக்கம், பழைய ரப்பர் தோட்ட வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். ரப்பர் மரம் சீவிய அம்மா, அப்பா இறந்த பிறகு செனாவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். இளங்கலை முடித்த கையோடு நானும் அங்கேயே சில மாதங்கள் தற்காலிக வேலை பார்த்தேன். எங்கள் பேச்சில் ‘சம்போங்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு இரண்டு பொருள். படிப்பைத் தொடர்வதும் சம்போங். ஒரு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் அடுத்த ஷிப்டும் நிற்பது அதே சம்போங்தான்.

அன்று சாயங்காலம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், “சம்போங் பண்ணவாம்மா?” என்றேன்.

அம்மா நிமிரவில்லை. “வேணாம்லா. போதும், உடம்பு தாங்காது.”

யாருடைய உடம்பு என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு முட்டி வீங்கியிருந்தது. தீபாவளியோடு வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சம்பாதித்தால்தான் அது நடக்கும். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை, சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அம்மாவே ஆரம்பித்தார். “மூணு நாளா மூஞ்ச ஏன் தூக்கி வெச்சிருக்க?”

சொன்னேன்.

“அட மக்கு, படிப்பையா கேட்ட? பேக்டரியில ரெண்டு ஷிப்ட் நிக்கப் போறியோன்னு நெனச்சேன்லா! போய்ப் படி. அந்தச் சம்போங்க நான் பண்ணிக்கிறேன்.”

இருவரும் சிரித்தோம். அன்றைக்கே பதில் அனுப்பினேன். அந்தத் தீபாவளிக்கு அம்மா வேலையை விடவில்லை. அடுத்த தீபாவளிக்கும் விடவில்லை.

போன மாதம் பழைய மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக அடுக்கியபோதுதான் ஒன்று உறைத்தது. தொழிற்சாலை அனுப்பிய மின்னஞ்சலின்படி, என் வேலை அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளியோடு முடிந்திருந்தது. என் சீருடையைத் துவைத்து, தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தவர் அம்மா. நிற்பதற்கு எனக்கு ஷிப்டே இல்லை.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

“பெரிய படிப்பு படிச்சா இதெல்லாம் தோண்டத் தோணும்போல. தைலத்த எடுலா” என்று முட்டியை நீட்டினார்.

என்னை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்தாரோ, அல்லது முதலிலேயே சரியாகப் புரிந்துகொண்டு, அந்த மூன்று நாளில் மனதை மாற்றிக்கொண்டாரோ, இதுவரை உறுதி செய்ய முடியவில்லை. ஆனால் என் பெயருக்குப் பின்னால் பட்டத்தை எழுதும்போதெல்லாம், அம்மா நின்ற அந்த இரண்டாவது ஷிப்ட்தான் நினைவுக்கு வருகிறது.