கிளாத்தி இல்லாத பார்

இவ்வளவு காலம் பேசாமல் இருந்தது போதும். முள்ளிவாய்க்கால் கடலில் பவளப் பார், அதாவது கடலடிப் பவளப்பாறை, பார்க்கப் போகலாமா என்று இந்தப் பயணக் குழுவில் பலர் கேட்கிறீர்கள். நான் போனது 1998 வைகாசியில், மீன்பிடி அலுவலகம் ஒன்றின் இளம் உத்தியோகத்தனாக. கரையோரப் பாரில் கடல் முள்ளி, உடம்பெல்லாம் முள்ளான அந்த உருண்டைப் பிராணி, அளவுமீறிப் பெருகிப் பவளக் கல்லைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. பார் செத்தால் மீனும் இல்லை.

முள்ளியவளையிலிருந்து சைக்கிளில் இரண்டு மணித்தியாலம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எரிபொருள் இல்லாததால் பஸ் ஓடவில்லை. வட்டுவாகல் பாலத்தில் எதிர்க்காற்றுக்கு இறங்கி உருட்டத்தான் வேண்டும்.

அந்தோனி என்ற மீனவர் தன் தோணியில் கூட்டிப்போனார். கீழே கல்லே தெரியவில்லை, எங்கும் கறுத்த முள்ளு. முள்ளியை உடைத்துத் தின்கிற மீன் கிளாத்தி. போரால் ஆழக்கடலுக்குப் போகத் தடை, படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயும் இல்லை. அதனால் ஊர் முழுவதும் இந்தப் பாரிலேயே வலைபோட்டுக் கிளாத்தியைத் துடைத்துவிட்டது. இரண்டு வருடமாவது அதைப் பிடிக்காமல் விடச் சொன்னேன்.

அந்தோனி சிரித்தார். "சேர், முள்ளியைக் கிளாத்தி தின்னும். கிளாத்தியை நாங்கள் தின்னுறம். எங்களைத் தின்ன ஆரையும் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

கரையில் அவர் மனைவி நிமிராமலே, "பிள்ளையளுக்கு முள்ளியை அவிச்சுக் குடுக்கலாமோ எண்டு சேரிட்டக் கேளுங்கோ" என்றார்.

மீன் திரும்பும்வரை அந்தக் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் கொடுங்கள் என்று எழுதினேன். அது நம் வேலையில்லை என்றார் மேலதிகாரி. ஊரைக் கூட்டி, கம்பியால் முள்ளியைக் கிளறியெடுத்து மணலில் புதைக்கச் செய்தார். படம் எடுத்தார். "கட்டுப்படுத்தப்பட்டது" என்று அறிக்கை போனது. கிளாத்தி வராமல் முள்ளி போகாது என்று நான் வாதாடினேன். என்னைக் களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள்.

அடுத்த வருடம் சொந்தச் செலவில் போனேன். கல்லிடுக்குகளிலிருந்து முள்ளி மறுபடி பெருகி, செத்த பாரை மூடியிருந்தது. அந்தோனியின் தோணி மணலில் கவிழ்ந்து கிடந்தது. அவரை முள்ளியவளை வயலொன்றில் கூலிக்கு நெல் அரிவு வெட்டக் கண்டேன்.

"கடல் எப்படி?"

"கடல் கிடக்குது சேர். மீன்தான் இல்லை."

போகிறவர்கள் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் போங்கள், அப்போதுதான் கடல் அடங்கியிருக்கும். தடித்த ரப்பர் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். முள் ஏறினால் கிண்டாமல், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள். உணவகத்தில் கிளாத்தி கேட்காதீர்கள்.

அந்த மேலதிகாரி இன்று பவளப் பாதுகாப்புப் பற்றி மேடைகளில் பேசுகிறார். என் பெயரைப் போட்டால் பழைய கோபம் என்று இதைத் தள்ளிவிடுவார். கோபம் இருக்கிறதுதான். பார் செத்ததும் உண்மைதான். பெயர் இல்லாமலே பதிவிடுகிறேன்.