பின்வளவு வெள்ளாமை

இந்த நாட்டில் மண்ணைச் சாக்கில் கட்டிக் கடையில் விற்கிறார்கள். அரிசி மூடைகளைப் போல அடுக்கி வைத்திருந்த அந்தச் சாக்குகளுக்கு முன்னால் என் கணவர் நிஸார் திகைத்து நின்றதைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும். வரிப்பத்தான்சேனை வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், வாப்பாவின் காலத்திலிருந்து வயல் செய்தவர், காசு கொடுத்து மண் வாங்க வந்து நிற்கிறார். ஒரு சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, மேலே எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். "ஓர்கானிக்" என்று வாசித்தேன். சாக்கை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சொல்லை நாங்கள் ஊரில் வேறு விதமாகக் கற்றுக்கொண்டவர்கள். இரசாயனப் பசளை இனி இல்லை, எல்லோரும் சேதனப் பசளைக்கு, இயற்கை எருவுக்கு, மாறுங்கள் என்று அரசாங்கம் ஒரே மூச்சில் சொன்ன அந்தப் போகத்தில், மாட்டெருவுக்கும் தழையெருவாகப் போடும் கிளிசரியாக் குழைக்கும் இவர் அலையாத இடமில்லை. உழவு மெசினை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்று வரை போவார். பின்னால் பூட்டிய வெறும் பெட்டியோடு திரும்பி வருவார். மண்ணைப் பழக்க வருடங்கள் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு போகம். வெள்ளாமை மஞ்சள் பாய்ந்து முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. வெட்டியபோது பாதிக்கு மேல் பதர். அதன்பிறகு சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர், யாரோடும் கதைக்கவில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தோம். முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடைத்து நான் இங்கிலாந்துக்கு வந்தேன். பின்னால் இவர் வந்தார். இவருடைய விசாவில் 'சார்ந்திருப்பவர்' என்று இருந்தது.

வாடகை வீட்டுக்குள் நாள் முழுவதும் இருந்து, இருந்து, இவர் வெறும் சுவரைப் பார்க்கத் தொடங்கியபோது எனக்குப் பயம் பிடித்தது. வீட்டின் பின்வளவில் பாய் விரித்த அளவுக்குப் புல்தரை ஒன்று இருந்தது; அதில் மிளகாயாவது நடச் சொன்னேன்.

"மச்சான், ரெண்டு கொச்சிக்காக் கண்டாவது வைங்களன்."

"இஞ்ச என்னத்த புள்ள முளைக்கப்போகுது?" என்றார். ஆனால் மறுநாள் நான் வேலையால் வரும்போது புல்தரை கொத்திக் கிடந்தது.

முதல் வெண்டிக் கன்றுகளை வசந்தத்துக் குளிர் ஒரே இரவில் கொண்டுபோனது. மீண்டும் விதைத்து, குசினி ஜன்னலோரத்தில் வைத்து வளர்த்தார். மரக்கறித் தோலையும் தேயிலைத் தூளையும் மக்க வைத்தார். கடையில் ஒரு போத்தல் பசளை வாங்கலாமே என்று கேட்டேன்.

"பசளையும் போடமாட்டன், மருந்தும் அடிக்கமாட்டன். அந்த வருசம் செல்லித் தந்த மாதிரியே செஞ்சி பாக்கப்போறன். பிழை என்னிலயா எண்டு எனக்குத் தெரியணும்."

அப்போதுதான், இத்தனை காலமும் இவர் தனக்குள்ளே யாரோடு வழக்காடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கியது.

கோடையில் தக்காளியும் பயித்தங்காயும் பூசணியும் எழும்பின. விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு, இலை தின்னும் ஓடில்லா நத்தைகளைக் கையால் பொறுக்குவார். ஒருநாள் பக்கத்து வீட்டு மார்கரெட் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்து, "ஆர் யூ ஓர்கானிக்?" என்று கேட்டிருக்கிறார். இவர் உள்ளே வந்து கதவைப் பூட்டிவிட்டார்.

"நம்மட வெள்ளாமை போனது அவக்கும் தெரிஞ்சிருக்கு புள்ள," என்றார். முகம் வெளிறியிருந்தது. அது பாராட்டு என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. மார்கரெட்டோ இவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து, விரைவில் குணமடையட்டும் என்ற அட்டையொன்றைக் கதவிடுக்கால் போட்டுவிட்டுப் போனார்.

மார்கரெட் நினைத்தது முழுவதும் பிழையுமல்ல.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, இரவு வேலை முடிந்து வந்தேன். முதல் உறைபனி விழுந்திருந்தது. சுடுதண்ணி ஊற்றியதுபோல எல்லாக் கொடிகளும் கறுத்துத் தொங்கின. இடுப்புச் சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டையோடு இவர் பாத்தியின் நடுவில் குந்தியிருந்தார்.

"இஞ்சயும் போயிட்டு புள்ள."

"இது பனி மச்சான். எல்லார்ட தோட்டமும் இப்பிடித்தான் போகும்."

"அந்த வருசமும் எல்லார்ட வெள்ளாமையும்தான் போச்சி. எனக்கு நோவு குறைஞ்சதா?"

அழுதார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் பார்த்திராத அழுகை. வேலை உடுப்போடு அந்த ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்கரெட் வந்து, பழுக்காமல் நின்றுபோன பச்சைத் தக்காளிகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டு போனார். சில நாட்களில் அவை சட்னியாகிப் போத்தலில் திரும்பி வந்தன. இவர் சோற்றோடு கொஞ்சம் தொட்டுத் தின்றார். பிறகு சொன்னார்:

"நான் வட்டைக்குப் போறன். இஞ்ச இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

"அங்க போயும் புடிச்சா?"

"அங்க எண்டா, பைத்தியம் புடிச்சாலும் ஆக்கள் என்ட பேரச் செல்லிக் கூப்பிடுவாங்க."

இவர் போனார்; நான் போகவில்லை. வெள்ளாமை ஒருமுறை எங்களைக் கைவிட்டது. இன்னொரு முறை கைவிட்டால் பிடிப்பதற்கு ஒரு கை வேண்டும். குத்தகைக்காரரிடமிருந்து வயலைத் திரும்ப எடுத்து, மாரிக்காலப் பெரும்போகத்தில் பிந்தித்தான் விதைத்தார். தடை நீங்கிவிட்டதால் இந்த முறை இரசாயனப் பசளை பாதி, மாட்டெரு பாதி. வெட்டு முடிய வருவேன் என்கிறார். ஆனால் வெட்டு முடிந்த கையோடு சிறுபோகம் தொடங்கிவிடும் என்பது வயல் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு போகங்களுக்கு நடுவில் ஒரு மனிதன் கடல் கடந்து வந்து போகும் அளவுக்கு இடைவெளி இல்லை.

இவர் விட்டுப்போன பாத்தியில் நான் உருளைக்கிழங்கு நட்டேன். போன வாரம் முளை விட்டது.

என் கைபேசியில் இரண்டு ஊர்களின் வானிலையும் இருக்கிறது. இன்று விடிய எழும்பிப் பார்த்தேன். இங்கே மீண்டும் உறைபனி; அங்கே மழை. வெட்டுக்கு நிற்கும் வெள்ளாமையில் மழை. அழைத்தேன், இவர் எடுக்கவில்லை. கட்டிலில் இவர் பக்கத்துப் போர்வையை உருவிக்கொண்டு வெளியே ஓடி, முளைகளின் மேல் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தேன். அங்கே விரிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.