ஐந்துக்கு இரண்டு

யுத்தம் முடிந்த மறுவருடம், கொழும்பில் ஒரு றக்பி கழகத்தில் நான் வீரர்களின் மூளைக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்து சலித்தவனுக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவன் என் ஊர்க்காரன் ஸிராஜ், அங்கே சம்பளத்துக்கு ஆடியவன்.

பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் சோதனை. தலையில் அடிபட்டால் மறுபடி சோதித்து ஒப்பிடுவார்கள். புள்ளி குறைந்தால் ஆட முடியாது.

கதவு, குடை, சீப்பு, மாங்காய், கயிறு என்றேன். சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டபோது ஸிராஜ் இரண்டைத்தான் சொன்னான். வாப்பாவையும் தோணியையும் சுனாமிக்குக் கொடுத்து, பத்தாம் வகுப்போடு புறக்கோட்டையில் மூட்டை சுமக்க வந்தவன். பாவம், படிப்பில்லாதவன் என்று இரங்கி, ஐந்துக்கு இரண்டு என்று எழுதினேன். உளவியல் படித்தவனின் இரக்கம்!

மூன்றாவது போட்டியில் மோதி விழுந்தான். உடைமாற்றும் அறையில் மறுபடி ஐந்து சொற்கள். மறுபடி இரண்டு. "பழைய புள்ளிதானே, ஆடட்டும்" என்று டொக்டர் வெளியே போனார். ஸிராஜ் எனக்குக் கண்ணடித்தான்.

அப்போதுதான் உறைத்தது. ஊரில், சாய்ந்தமருதில், ஒரே மத்ரஸாவில் குர்ஆன் ஓதினோம். றமழான் இரவுகளின் தறாவீஹ் தொழுகையில் மௌலவி தடுமாறினால் பின்னால் நின்று வசனத்தை எடுத்துக்கொடுப்பவன் இவன். இவனுக்கா ஐந்து சொல் நிற்காது?

"வேணுமெண்டுதானேடா அண்டைக்கு மறந்தாய்?"

"எல்லாரும் செய்றதான் மச்சான். ஒண்ட டிகிரில இதப் படிப்பிக்கல்லயா?"

"தபாறக் சூறா ஓது பாப்பம்."

சின்ன வயதிலேயே மனனமான அந்தக் குர்ஆன் அத்தியாயத்தைச் சிரித்தபடி தொடங்கினான். மூன்றாம் வசனத்தில் நின்றான். மறுபடி தொடங்கி, அதே இடத்தில் நின்றான். சிரிப்புப் போயிற்று.

"சொல்லிராத மச்சான். இண்டைக்கு வெளிய எடுத்தா அடுத்த வருசம் என்னய எடுக்கமாட்டானுகள். உம்மாவ ஆரு பாக்கிற?"

அந்த நிலையில் இன்னோர் அடி விழுந்தால் உயிரே போகலாம். அதை மட்டும் ஒழுங்காகப் படித்திருந்தேன். வெளியே ஓடி, பருவத் தொடக்கத்தில் நான் போட்ட புள்ளி பிழை என்று டொக்டரிடம் சொன்னேன். ஒரு சூறாவை வைத்து எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை என் இங்கிலீசில் விளக்கியதை நினைத்தால் இன்றும் வியர்க்கிறது.

ஸிராஜை நிறுத்தினார்கள். வாரம் முடியுமுன் என்னையும். மூன்று மாதம் அவன் என்னோடு கதைக்கவில்லை.

றமழான் வந்தது. ஊர்ப் பள்ளிவாசலில் தறாவீஹ். முன்வரிசையில் என் பக்கத்தில் நின்ற ஸிராஜ் திடீரென்று ஒரு வசனத்தைத் தெளிவாக எடுத்துக்கொடுத்தான். மௌலவி தடுமாறியதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் என் காதருகே குனிந்தான்.

"எத்தின புள்ளி, சேர்?"